லேகியத்துள் ஒரு குளிசை

காலை ஆறரை மணிக்குச் சாமியறை விளக்கை ஏற்றிவிட்டுப் பத்மாவதி திரும்பும்போது, அவருடைய தம்பி யோகராஜ் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு கண்ணாடிப் போத்தல். அதற்குள் பேரீச்சங்கொட்டையைப் போல நீளவாட்டில் உருட்டி வைத்த கரிய லேகிய உருண்டைகள். ஒன்றை எடுத்து, நெய் தடவி, வாயில் போட்டு, மெல்லாமல் வெந்நீருடன் விழுங்குவார். கால் எரிவுக்கு வெதமாத்தயா என்கிற சிங்கள நாட்டு வைத்தியர் ஒருவர் செய்து தரும் வாதலேகியம், வெறுவயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார்.

“உதின்ர மணத்துக்கே வாதம் பயந்து ஓடியிருக்க வேணும்,” என்பார் பத்மாவதி, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு.

“ஓடுது அக்கா. மெதுவாத்தான் ஓடுது.”

ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் ஒரு வெள்ளைக் குளிசை இருந்தது பத்மாவதிக்குத் தெரியாது. எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைப்பதற்கு, நாளொன்றுக்கு ஒன்றாக, ஆயுள் முழுவதும் தவறாமல் எடுக்கவேண்டிய குளிசை அது. லேகியத்தில் கஞ்சா இலை சேர்ந்திருந்ததும் அவருக்குத் தெரியாது. குளிசையை அக்காவிடமும் கஞ்சாவைக் கிளினிக்கிலும் மறைத்து, இரண்டையும் ஒரே உருண்டையாக்கி யோகராஜ் விழுங்கத் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

யோகராஜுக்கு ஐம்பத்தாறு வயது. மணமாகாதவர். கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு கப்பற்சரக்குக் கம்பனியில் முப்பது ஆண்டுகளாக ‘வாஃப் கிளார்க்’. வந்திறங்கிய சரக்கு இன்னது, இவ்வளவு, இன்ன நாட்டிலிருந்து வந்தது என்று பிரகடனப் பத்திரம் நிரப்பி, சுங்கத்துக்கும் துறைமுகத்துக்குமாக நடந்து, முத்திரை வாங்கி, சரக்கை வாயிலுக்கு வெளியே கொண்டுவந்து சேர்ப்பது அவருடைய உத்தியோகம். அவர் நிரப்பிய பத்திரம் ஒன்றேனும் பிழையென்று திரும்பி வந்ததில்லை.

நோய் இருப்பது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தெரியவந்தது. எப்படி வந்தது என்று கிளினிக்கில் ஒருமுறை கேட்டார்கள், ஒருமுறை சொன்னார். அதன் பிறகு எவரும் கேட்கவில்லை. ஆரம்பத்தில் கொடுத்த மருந்துகளில் ஒன்று கிருமியை அடக்கியது. ஆனால் கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. இரண்டாண்டுகளில் அந்த மருந்தை நிறுத்தினார்கள், எரிவு நிற்கவில்லை. உச்சி வெயிலில் தாரின் மீது வெறுங்காலுடன் நிற்பது போன்ற எரிவு. நடந்து பிழைக்கிற மனிதருக்கு அது வந்ததுதான் கொடுமை.

லேகியத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்தவள் பேர்ணடெற். அவளும் அதே கிளினிக்கில் மருந்தெடுப்பவள், கொட்டாஞ்சேனைக்காரி, துறைமுகத் தொழிலாளருக்குச் சோற்றுப் பார்சல் கட்டி விற்பவள். கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும்போது, யோகராஜ் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாதங்களைக் குளிர்ந்த சீமெந்துத் தரையில் அழுத்துவதை அவள்தான் கவனித்தாள்.

“அண்ணே, காலு எரியுதா?”

“இல்லை, சும்மா.”

“சும்மா யாரும் ஆஸ்பத்திரித் தரையில வெறுங்கால வெக்க மாட்டாங்க. எனக்கும் இருந்துச்சு. ஒரு லேகியம் இருக்கு. பேரைக் கேட்டா பயந்துருவீங்க. சாப்பிட்டா தூங்கிருவீங்க.”

பெயரைக் கேட்டு அவர் பயப்படத்தான் செய்தார். வாழ்க்கையில் ஒரு பீடி குடித்தறியாதவர். கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் அவருக்கு மனப்பாடம். கஞ்சா அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். ஆயினும் ஒரு மாலை, பேர்ணடெற்றின் வீட்டில் சோறு சாப்பிட்டபின், ஓர் உருண்டையை விழுங்கினார். ஒரு மணி நேரம் கழித்து எரிவு முற்றாகப் போய்விடவில்லை. அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது போல் இருந்தது. அன்று ஏழு மணி நேரம் உறங்கினார். அதற்குப் பின் லேகியம் நின்றதில்லை.

அந்நாட்களில் கொட்டாஞ்சேனையில் வாடகை அறை ஒன்றில் தனியே இருந்தார். குளிசைப் போத்தல் யன்னல் ஓரத்தில் பகிரங்கமாக நின்றது. காலைச் சாப்பாட்டுப் பாணுடன் குளிசை. மாலையில் சோற்றுக்குப் பின் லேகியம். ஆண்டுதோறும் இரத்தத்தில் கிருமியை எண்ணிப் பார்ப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ‘கண்டுபிடிக்க முடியாத அளவு’ என்றே வரும்.

பிறகு பத்மாவதியின் மகள் சுபோதினி கணவனுடன் கனடாவுக்குப் போனாள். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டில் பத்மாவதி தனித்துவிட்டார். “நீ அங்க ஒரு பொந்துக்குள்ள, நான் இஞ்ச மூண்டு அறைக்குள்ள. ஆருக்குப் புத்தியில்லை?” என்று கேட்டார். மறுக்க ஒரு காரணம் யோகராஜுக்கு இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

பத்மாவதி இளைப்பாறிய கணித ஆசிரியை. அவருடைய கணவர் பிரஷர் குளிசையை எடுத்ததாகச் சொல்லிச் சொல்லி, எடுக்காமலே விட்டு, ஒரு நாள் குளியலறையில் விழுந்து இறந்துபோனவர். அவருடைய சட்டைப் பைகளிலும் தலையணை உறைக்குள்ளும் இருந்து முப்பத்தெட்டுக் குளிசைகளைப் பத்மாவதி பொறுக்கியெடுத்தார். அன்று தொட்டு, அவருடைய வீட்டுக்குள் வரும் எந்தக் குளிசையும் பிஸ்கட் தகரத்துக்குள் போகவேண்டும்; எதற்கு, எத்தனை, யார் எழுதிக் கொடுத்தது என்று சொல்லவேண்டும். சட்டைப் பைகளைச் சோதிக்காமல் உடுப்புத் தோய்க்கமாட்டார். அலுமாரியை வெள்ளிதோறும் துடைப்பார். வேலைக்குக் கொண்டுபோய் விழுங்கலாமென்றால், துறைமுக வாயிலில் காவலர் பைகளையெல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள்.

அந்த வீட்டில் பத்மாவதி தொடாத பொருள் ஒன்றே ஒன்று: லேகியப் போத்தல். மணம் பிடிக்காது.

யோகராஜ் ஒழுங்கான மனிதர்; இந்தச் சிக்கலையும் ஒழுங்காகவே தீர்த்தார். தொண்ணூறு குளிசைப் போத்தல் பேர்ணடெற்றின் வீட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் கொழும்புத் தமிழர் சமயபேதமின்றிக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவது வழக்கம். அவரும் வேலை முடிந்து போய், மெழுகுதிரி ஏற்றி, பேர்ணடெற்றிடம் ஏழு குளிசைகளை எண்ணி, ஒரு வாரத்து லேகியத்துடன் வாங்கி வருவார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஏழு உருண்டைகள் உருட்டுவார். குளிசைக்கு ஒளிவிடமும் லேகியந்தான், வாகனமும் லேகியந்தான். உருண்டை வெறுவயிற்றில் போக வேண்டுமென்ற கதை, அக்கா குளித்துப் பூசை முடிக்கும் நேரத்துக்குப் பொருத்தமாக அமைந்தது. பதினான்கு மாதங்களில் ஒரு நாளும் தவறவில்லை.

ஆடி மாதம் கிளினிக்கில் டொக்டர் நளீபா கடதாசியைத் திருப்பிக் காட்டினார். இளம் வைத்தியர், கதைக்கும்போது கண்ணைப் பார்த்துக் கதைப்பவர்.

“மிஸ்டர் யோகராஜ், இவ்வளவு வருஷமா உங்கட ரிப்போட் எல்லாம் ஒரே மாதிரி. இந்த முறை கிருமி ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது. குளிசை எங்கயாவது விட்டுப் போகுதா?”

“பதினைஞ்சு வருசத்தில ஒரு நாளும் விடேல்லை டொக்டர்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற,” என்றார் நளீபா. ஏளனமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். எனினும் யோகராஜின் காது சிவந்தது. “வேற மருந்து ஏதும்? விட்டமின், நாட்டு மருந்து?”

“இல்லை டொக்டர்.”

பேனா ஒரு கட்டத்துள் கோடிட்டது. பொய்ப் பிரகடனம் எவ்வளவு எளிதாக முத்திரை பெறும் என்று யோகராஜுக்குத் தெரியாததல்ல. கஞ்சாவென்று சொன்னால் கோப்பில் எழுதுவார்கள்; கோப்பு எங்கெங்கே போகும், எவர் கண்ணில் படும்? துறைமுக அனுமதி அட்டை பறிபோனால் அவர் வாஃப் கிளார்க் அல்லர்.

“மூணு மாசத்தால திரும்பப் பாப்போம்,” என்றார் வைத்தியர். “அப்பவும் கூடியிருந்தா மருந்த மாத்த வேண்டி வரும். அது காலைலயும் பின்னேரமும் எடுக்கணும். பெரிய குளிசைகள்.”

வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றபோது அவர் கணக்குப் பார்த்தார். பெரிய குளிசைகள், இரு வேளை. உருண்டைக்குள் அடங்காது, அந்த வீட்டில் ஒளியாது. மருந்தை மாற்றினால் அக்காவுக்குத் தெரியவரும். மாற்றாவிட்டால் கிருமி பெருகும். இருக்கும் குளிசை மூன்று மாதத்துக்குள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கவேண்டும். அதைவிட வேறு வழி அவருக்குத் தென்படவில்லை.

அந்தச் செவ்வாய் பேர்ணடெற் குசினி நிலத்தில் குந்தியிருந்து வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கஞ்சாதான் குளிசையைக் கெடுக்குதோ எண்டு யோசிக்கிறன்,” என்றார்.

“அப்பிடின்னா என்னையும் கெடுத்திருக்கணுமே அண்ணே? ஒங்களுக்கு முன்னாடி இருந்து நான் தின்னுறேன். போன மாசம்கூட எனக்கு ஒண்ணுமில்லன்னாங்க.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க எப்ப சாப்புடுறீங்க?”

“காலமை. வெறுவயித்தில.”

“ஐயோ, எனக்குத் தலை சுத்திப் பாத்திரத்துக்குள்ள விழுந்திருவேன். நான் சோறு தின்ன பொறகுதான். அது சரி, குளிசைய எங்க ஒளிக்கிறீங்க? ஒங்க அக்கா சி.ஐ.டி. மாதிரின்னு சொன்னீங்க?”

“ஒரு இடம் இருக்கு,” என்றார் யோகராஜ். தாம் கண்டுபிடித்த ஏற்பாட்டை எவருக்கும் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. சொல்லியிருந்தால், சமையல்காரியான அவள் அன்றே ஏதாவது கேட்டிருப்பாள்.

லேகியத்தை நிறுத்திப் பார்க்கலாமா என்றும் யோசித்தார். நிறுத்தினால் குளிசைக்கு உறை இல்லை. ஆகவே நிறுத்தவில்லை. கைபேசியில் மணி வைத்து, ஆறரைக்கு ஒரு நிமிடம் முந்தாமலும் பிந்தாமலும் விழுங்கினார்.

புரட்டாதி மாதத்து ஞாயிறு ஒன்றில் லிப்ட் பழுதாயிற்று. சந்தையிலிருந்து வந்த பத்மாவதி, மரக்கறிப் பையுடன் மூன்று மாடி ஏறினார். யோகராஜ் பல்கனியில் சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருந்தார். உள்ளே கதிரை இழுபடும் ஓசை, பெருமூச்சு, போத்தல் மூடி திறபடும் ஓசை. பிறகு ஒரு கூவல்.

“யோகு! இஞ்ச வா!”

பத்மாவதி ஒரு கையால் கன்னத்தைப் பொத்தியபடி நின்றார். மறு உள்ளங்கையில் கடிபட்ட உருண்டை. கறுப்புக்குள்ளிருந்து பாதிக் குளிசை பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது.

“முழங்காலில உயிர் போகுது எண்டு உன்ர லேகியத்தில ஒண்டை எடுத்துக் கடிச்சன். பல்லுத்தான் உடைஞ்சுபோச்சுதெண்டு பயந்திட்டன். பார்! லேகியத்துக்குள்ள குளிசை!”

“அக்கா, அது வந்து...”

“நீ ஒண்டும் சொல்லாதை. எனக்கு விளங்கியிட்டுது. உந்த வெதமாத்தயா உன்னை நல்லா ஏமாத்திறான். இங்கிலீசு மருந்தை உள்ளுக்க வச்சு உருட்டி, நாட்டு மருந்தெண்டு விக்கிறான். ஸ்டெரொயிட்டாத்தான் இருக்கும். அதுதான் உனக்குச் சுகம் சுகமெண்டு கிடக்கு. பேயன் நீ, நம்பி முழுங்கிறாய்.”

அவர் போத்தலைக் கவிழ்த்தார். மிஞ்சியிருந்த ஓர் உருண்டையைக் கரண்டிக் காம்பினால் பிளந்து, கடித்ததற்குப் பக்கத்தில் தட்டில் வைத்தார். செவ்வாய்க்குள் தீரவேண்டியவை இரண்டு, இரண்டிலும் இருந்தது.

“ஒண்டும் தப்பேல்லை. கணக்காத்தான் வச்சிருக்கிறான்.” மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குளிசையை வெளிச்சத்தில் பிடித்தார். “இதில எழுத்துக் கிடக்கு. என்னட்டப் படிச்ச உஷாந்தி காலி வீதிப் பாமசியிலதான் நிக்கிறாள். எழுத்தைப் பாத்து ஒரு நிமிசத்தில இன்ன மருந்தெண்டு சொல்லிப்போடுவாள். அங்கயிருந்து நேரா பொலிசுக்கு.”

கடதாசித் துண்டில் குளிசையைச் சுற்றிக் கைப்பையில் வைத்தார். குடையை எடுத்தார். முழங்கால் நோவை மறந்துவிட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை பாமசி பூட்டு அக்கா.”

“ஒரு மணி வரைக்கும் திறந்திருக்கும். எனக்குத் தெரியாதே? தள்ளு.”

வாசலை மறித்து நின்ற யோகராஜ் தள்ளவில்லை. கையில் சப்பாத்து மை. உஷாந்தி எழுத்தைப் படிப்பாள், ஒரு நிமிடம் மௌனமாக இருப்பாள், பிறகு “டீச்சர், இது ஆரின்ர குளிசை?” என்பாள். அந்த ஒரு நிமிடம் அவர் கண்முன் நின்றது.

“வெதமாத்தயா வைக்கேல்லை,” என்றார். “நான்தான் வச்சனான்.”

பத்மாவதி கதிரையில் உட்கார்ந்தார். குடை மடியில் இருந்தது. யோகராஜ் முதலில் கஞ்சாவைச் சொன்னார். மற்றதைச் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும் என்பதற்காக.

“கஞ்சாவோ!” என்று பத்மாவதி எழும்பிவிட்டார். “எங்கட வீட்டிலயோ! சாமிப்படத்துக்கு முன்னால இருந்தெல்லோ ஒவ்வொரு நாளும் முழுங்கினனி! நான் வேற கடிச்சுப்போட்டன். எனக்கு வெறிக்கப் போகுதோ?”

“ஒரு கடிக்கு ஒண்டும் செய்யாது.”

“உனக்கு நல்ல அனுபவம்போல!” அவர் குரல் மேலேறிக்கொண்டே போயிற்று. கஞ்சாவை ஏசுவதற்கு அவரிடம் சொற்கள் இருந்தன. துறைமுகத்தை, சகவாசத்தை, மணமுடிக்காமல் திரிந்ததை எல்லாம் சேர்த்து ஏசினார். ஏசி ஓய்ந்தபின், “அப்ப குளிசை எதுக்கு?” என்றார்.

யோகராஜ் நோயின் பெயரைச் சொன்னார். அந்த மூன்று எழுத்துகளை அந்த வீட்டுக்குள் அவர் உச்சரித்தது அதுவே முதல் தடவை.

பத்மாவதியிடம் அதற்குச் சொற்கள் இருக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து, தட்டில் கிடந்த கடிபட்ட உருண்டையைப் பார்த்தார்.

“நான் கடிச்சுப்போட்டனே யோகு,” என்றார் கடைசியில், மிகத் தாழ்ந்த குரலில். “எனக்கு ஒண்டும் வராதே?”

“அது மருந்து அக்கா. வருத்தத்தின்ர கிருமி அதில இல்லை.”

தலையாட்டினார். ஆனாலும் எழுந்து குசினிக்குப் போனார். தண்ணீர்க் குழாய் திறந்த ஓசை. வாய் கொப்பளிக்கும் ஓசை. குழாய் மூடப்படும் என்று யோகராஜ் காத்திருந்தார். நெடுநேரம் மூடப்படவில்லை.

திரும்பி வந்து, முன்னிருந்ததைவிட ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தார்.

“எவ்வளவு காலமா?”

“பதினைஞ்சு வருசம்.”

“அத்தான்ர செத்தவீட்டுக்கு வந்து நிண்ட நேரமும்?”

“ஓம்.”

“சுபோதினியின்ர கலியாணத்தில நீதான் எல்லாருக்கும் பாயாசம் வார்த்தனி.”

“ஓம் அக்கா. அப்பிடியெல்லாம் தொத்தாது.”

“தொத்தும் எண்டு நான் சொன்னனானோ?” என்று சட்டெனக் கேட்டார். கண்கள் தட்டின் மீது இருந்தன. விடைத்தாள் திருத்துபவரின் பார்வை மெல்ல மெல்ல அவற்றில் வந்து சேர்ந்தது. “மருந்து இப்ப வேலை செய்யுதோ?”

ஆடி மாதத்துக் கணக்கை யோகராஜ் சொன்னார்.

“இஞ்ச வரமுந்தி நல்லாயிருந்தது. வந்தாப் பிறகு கூடியிருக்கு. அப்ப இஞ்ச வந்தாப் பிறகு எது மாறினது? உந்த உருண்டைக்குள்ள வச்சு முழுங்கிறதுதானே? அதை டொக்டருக்குச் சொன்னியோ?”

“இல்லை.”

“ஏன்?”

“கஞ்சா எண்டு சொல்ல வேணுமெல்லோ.”

“அத்தானும் இப்பிடித்தான்,” என்றார் பத்மாவதி. குரல் உடைந்து, மீண்டும் நேரானது. “நாளைக்குப் போய்ச் சொல்லு. போத்தலையும் கொண்டு போ. நான் வரமாட்டன்.”

யோகராஜ் போத்தலைக் கொண்டுபோகவில்லை. அதில் ஒட்டியிருந்த தாளை நனைத்து உரித்தெடுத்து, உலர்த்தி, சட்டைப் பையில் கொண்டுபோனார். சிங்கள எழுத்தில் பதினாறு சரக்குகளின் பட்டியல். நான்காவது வரியில் கஞ்சா இலை, மூவுலகையும் வெல்லும் இலை என்ற பொருள்படும் பெரிய சமஸ்கிருதப் பெயரில் அமர்ந்திருந்தது. டொக்டர் நளீபாவின் மேசையில் தாளை வைத்தபோது, அந்த வரியின் மீது பெருவிரலை வைத்தபடியே வைத்தார்.

“விரல எடுங்க மிஸ்டர் யோகராஜ்.”

எடுத்தார்.

“இது எனக்குத் தெரியும்,” என்றார் வைத்தியர். “வெளிய வாங்குல இருக்கிற ஆக்கள்ல எத்தினை பேர் இத எடுக்கிறாங்கண்டு நெனைக்கிறீங்க? ஒருத்தருக்குப் பசி இல்ல. ஒருத்தருக்குத் தூக்கம் இல்ல. உங்களுக்குக் கால். நாங்க கேக்கிற நேரம் எல்லாருக்கும் ஒரே பதில், ‘இல்ல டொக்டர்’. இத எப்பிடி எடுத்த நீங்க?”

யோகராஜ் உருண்டையை விவரித்தார். வெறுவயிறு, ஆறரை மணி, நெய், உள்ளே குளிசை. சுங்க அதிகாரிக்குச் சொல்வதுபோல் வரிசைப்படி சொன்னார். நளீபா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை நான்காவது வரியிலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போய்ப் பட்டியலின் கடைசி இரண்டு வரிகளில் வைத்தார்.

“என்ட பிரச்சினை மேல இல்ல. இங்க. லோஹ பஸ்ம, சங்க பஸ்ம. இரும்பும் சங்குச் சுண்ணாம்பும். வெறும் வயித்துல இந்தக் குளிசையோட சேந்தா, அதக் கட்டிப் பிடிச்சிரும். இரத்தத்துக்குப் போக விடாது. சாப்பாட்டோட எடுத்திருந்தா இவ்வளவு மோசமில்ல. நேரம் விட்டு எடுத்திருந்தா ஒண்டுமே இல்ல.” பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க ஒரு நாளும் விடல்ல. குளிசைதான் உள்ள போகல்ல. அண்டைக்கு நான் நம்பாமக் கதைச்சிட்டேன். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

கடைசி இரண்டு வரிகளை யோகராஜ் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேர்ணடெற்றுக்கு அதே இரும்பு, அதே சுண்ணாம்பு. ஆனால் அவளுடைய குளிசைக்கும் லேகியத்துக்கும் இடையில் ஒரு முழுப்பகல் இருந்தது.

“இனி?” என்றார்.

“குளிசை காலைச் சாப்பாட்டோட, தனியா. கிருமி இந்த மருந்துக்குப் பழகியிருக்கா இல்லையாண்டு மூணு மாசத்துல தெரியும். பழகியிருந்தா மாத்தத்தான் வேணும். அத இப்ப என்னால சொல்ல ஏலாது. லேகியத்த எடுங்கண்டு நான் சொல்லமாட்டேன். சட்டமும் இடம் தராது. உள்ள எவ்வளவு போட்டிருக்காண்டும் தெரியாது. கால் எரிச்சலுக்கு வேற ஒரு குளிசை தாறேன். ஆனா எது எடுத்தாலும் என்னட்ட மறைக்காதீங்க.”

புதிய குளிசை கால் எரிவைச் சற்றுத் தணித்தது. பகலிலும் உறங்க வைத்தது. இரண்டாம் வாரம் யோகராஜ் நிரப்பிய பத்திரம் ஒன்று, முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக, எடை பிழையென்று சுங்கத்திலிருந்து திரும்பி வந்தது. அந்தப் புதிய குளிசையை அவர் நிறுத்தினார். நிறுத்தியதைத் தொலைபேசியில் வைத்தியரிடம் அறிவித்தார். மீண்டும் லேகியத்துக்கே போனதையும் அறிவித்தார்.

கஞ்சா வெள்ளவத்தை வீட்டுப்படி ஏறக்கூடாது என்பது பத்மாவதியின் தீர்ப்பு. ஆகவே லேகியப் போத்தல் கொட்டாஞ்சேனைக்குப் போயிற்று. அங்கிருந்த குளிசைப் போத்தல் வெள்ளவத்தைக்கு வந்து பிஸ்கட் தகரத்துக்குள் அமர்ந்தது. வேலை நாட்களில் பேர்ணடெற் கொடுக்கும் சோற்றுக்குப் பின் ஓர் உருண்டை. லேகியம் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் வாளித் தண்ணீரில் காலை ஊறவைத்துக்கொண்டு பல்கனியில் இருந்தார்.

கிளினிக்குக்குப் போய்வந்த மறுநாட் காலை, இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் புதிய எவர்சில்வர் பேணி ஒன்றில் தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது. காலி வீதியில் வாங்கியது. கல்யாணச் சீருக்கு வாங்கும் பாத்திரங்களில் பெயர் வெட்டித் தருவார்களே, அவ்வாறே விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது: ந. யோகராஜ்.

“குளிசைக்கெண்டு ஒரு பேணி,” என்றார் பத்மாவதி, சம்பலைக் கிளறியபடி. “மாறிப் போகக் கூடாது.”

யோகராஜ் குளிசையைப் போட்டுக்கொண்டு அந்தப் பேணியில் குடித்தார். மறு வாரம் அதே எழுத்தில் பெயர் வெட்டிய ஒரு தட்டு வந்தது. அதற்கு அக்கா காரணம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் ஏழரை ஆகியும் அவர் மேசைக்கு வராவிட்டால், “குளிசை?” என்று குசினியிலிருந்து குரல் வரும். அன்றாடம் பேணியில் தண்ணீர் நிரப்பி வைத்தவரும் அக்காதான். குடித்து முடித்ததும் கழுவுவது மட்டும் யோகராஜின் வேலையாக இருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆகிவிட்டது.

ஞாயிறுதோறும் கனடாவிலிருந்து சுபோதினி தொலைபேசி எடுப்பாள். “மாமாவுக்கு என்ன, அந்த வாதம்தான்,” என்று பத்மாவதி சொல்வதை யோகராஜ் வாளிக்குள் காலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். “லேகியத்தை விட்டிட்டார். இப்ப இங்கிலீசு மருந்து. ஓம், ஓம், நான் பாத்துத்தான் குடுக்கிறன்.” பதினைந்து ஆண்டுகள் அவர் தனியே சுமந்த பொய்யின் ஒரு முனையை அக்கா தூக்கியிருந்தார். அதனால் பாரம் குறைந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

மார்கழி மாதத்தில் இரண்டாம் சோதனையின் முடிவு வந்தது. டொக்டர் நளீபா கடதாசியைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார். கண்டுபிடிக்க முடியாத அளவு. மருந்து மாற்றத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நீட்டினார். பத்மாவதி மூக்குக் கண்ணாடியைப் போட்டு, ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். எண் வரவேண்டிய இடத்தில் எண் இல்லாததைக் கண்டு, கடதாசியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“இல்லையெண்டோ போட்டிருக்கு?”

“இருக்கு அக்கா. பிடிபடாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு. இந்த அளவில ஆருக்கும் தொத்தாது எண்டு டொக்டர் சொன்னவ. எந்த வழியாலயும்.”

“நல்லது,” என்றார். கடதாசியை நான்காக மடித்து, பிஸ்கட் தகரத்தில் தம்முடைய பிரஷர் குளிசை அட்டைக்கும் சீனிவருத்தக் குளிசை அட்டைக்கும் நடுவில் வைத்து மூடினார்.

மறுநாள் ஏழரைக்கு யோகராஜ் மேசைக்கு வந்தார். அருகருகே இரண்டு தட்டுகள். ஒன்றில் அவருடைய பெயர். பேணியில் தண்ணீர் விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

“குளிசை?” என்றார் பத்மாவதி.

“ஓம் அக்கா.”

விழுங்கினார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்து, குசினித் தொட்டியில் பேணியைக் கழுவி, பாத்திர அடுக்கில் மற்றப் பேணிகளிலிருந்து ஒரு சாண் தள்ளி, பெயர் வெளியே தெரியும்படி கவிழ்த்து வைத்தார்.